வீரர் நினைவு நாளும் மன்னார்க் கரையும்

போரிற் பட்டவரையும் போரினின்று மீண்டவரையும் ஆண்டில் ஒரு நாள் நினைந்து போற்றும் வழக்கம் இன்று உலக நாடுகள் பலவற்றிற் காணப்படுவதொன்றாகும். அந்நாளிற் கொடி தாழ்த்துவர், மலர் அணிவர், வாய் பேசாது சிறிது நேரம் நிற்பர், இறந்தோர் பெயர்களை வாசிப்பர். இவ்வழக்கம் மேனாட்டாரிடமிருந்து வந்ததென்று கூறுவோர் உளர். தமிழர்க்கே ஆதிதொட்டு உரியதென்று பெருமை பேசுவோரும் உளர். இவ்விரு கூற்றுக்களிலும் உண்மை பாதியளவே உண்டு. வழக்கத்தின் பிறப்பிடத்தை ஆராய்வதிலும், அவ்வழக்கம் யாருக்குப் பயன்பட்டது, யாரை விட்டுவிட்டது என ஆராய்வதே வரலாற்று மாணவர்க்குப் பெரும்பயன் தருவதாகும்.

அத்தகைய ஆராய்ச்சிக்கு மன்னார்த் தீவும் அதனை எதிர்நோக்கிக் கிடக்கும் மாந்தைக் கரையும் மிகவும் ஏற்றன. பழைய மாதோட்டத் துறை வணிகக் கலங்களை மட்டும் வரவேற்ற துறையன்று. படைகளும் அங்கே வந்திறங்கின. போர்த்துக்கேயர் 1560இல் மன்னாரிற் கோட்டை அமைத்தனர். ஒல்லாந்தர் அதனை 1658இற் கைப்பற்றினர். 1795இல் அது பிரித்தானியர் வசமாயிற்று. பின்னர், முப்பதாண்டுக்கு அண்மித்த உள்நாட்டுப் போரில் சிலாவத்துறை 2007இலும், அடம்பனும் விடத்தல்தீவும் 2008இலும் போர்க்களங்களாயின. இத்துணைப் படைகளைக் கண்ட கரையில் எந்த வீரர் எவரால் எவ்வாறு நினைக்கப்பட்டனர் என்பதே ஈண்டு ஆராயப்படுவது.

கல்லும் பட்டியும்

தமிழிலக்கணத்துள் முதன்மை பெற்ற தொல்காப்பியம், களத்தில் வீழ்ந்த வீரனுக்குக் கல் எடுக்கும் முறையை ஆறு நிலைகளாக வகுத்துக் கூறும். தக்க கல்லைத் தேர்ந்து காணல், நாள் பார்த்து அதனைக் கொள்ளல், நீராட்டல், நடுதல், படையல் இட்டுச் சிறப்புச் செய்தல், வாழ்த்துதல் என்பன அவை. நட்ட கல்லில் வீரனது பெயரும் பீடும் பொறிக்கப்பட்டன, மயிற்பீலி சூட்டப்பட்டது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006ஆம் ஆண்டில் தமிழ்ப் பல்கலைக்கழக ஆய்வாளர் கண்ட நடுகற்கள் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்தவை. அவற்றுள் ஒன்று ஆகோட் பூசலில் இறந்த ஒருவனைக் குறிக்கின்றது. இலக்கணநூல் கூறிய முறை ஏட்டளவில் நின்றதன்று என்பதற்கு இது தக்க சான்றாகும்.

நடுகல்லைப் பற்றிப் பலரும் பேசுவர். ஆயின் அதனோடு ஒருங்கு வைத்து எண்ணத்தக்க மற்றொரு வழக்கத்தைப் பேசுவோர் சிலரே. போரிலோ ஊர் காத்தலிலோ உயிர் விட்டவனுடைய குடும்பத்தார்க்கு நிலம் வழங்கும் வழக்கத்தைப் பிற்காலக் கல்வெட்டுக்கள் குறிக்கின்றன. அந்நிலம் 'உதிரப்பட்டி' எனப்பட்டது. உதிரம் சிந்தியவன் பொருட்டு அளிக்கப்பட்ட பட்டி என்பது பொருள். இறந்தவனுக்குக் கல்லும், இருப்பவர்க்கு நிலமும் என்னும் இந்த இரட்டைக் கடமையே பழந்தமிழர் வீரவணக்கத்தின் முழு வடிவம் எனலாம். கல்லை நட்டுப் பட்டியை மறந்த சமுதாயம் கடமையிற் பாதியையே செய்ததாகும். பின்வரும் காலங்களை அளந்தறிதற்கு இவ்விரண்டும் அளவுகோல்களாக உதவும்.

மாதோட்டத்தில் இறங்கிய படை

மூன்றாவது அளவுகோல் ஒன்று உண்டு. அதனைத் தருவது பாளி மொழியில் எழுந்த மகாவம்சம். அநுராதபுரத்தில் நாற்பத்துநான்கு ஆண்டு ஆட்சி செய்த எல்லாளன், துட்டகைமுனுவோடு தனித்துப் பொருது நகரின் தெற்கு வாயிலருகே வீழ்ந்தான் என்று அந்நூல் கூறும். எல்லாளனுக்குத் துணையாக அவன் மருகன் பல்லுகன் கடல் கடந்து மகாதித்தத்தில் வந்திறங்கினான். மகாதித்தம் என்பது மாதோட்டமே. அவன் இறங்கியது எல்லாளனது உடல் எரியூட்டப்பட்ட ஏழாம் நாள். மாமன் இறந்த செய்தியைக் கேட்ட பின்னும், திரும்பிச் செல்வது நாணத்துக்குரியதென எண்ணி அநுராதபுரம் நோக்கிச் சென்று போரிட்டு மடிந்தான்.

பல்லுகனுக்கு நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டதாக மகாவம்சம் கூறவில்லை. மாதோட்டத்தில் இறங்கி உயிரிழந்த அவன் படையினர்க்கும் அத்தகைய சிறப்பு யாதும் கூறப்படவில்லை. ஆயின் எல்லாளனுக்குத் துட்டகைமுனு செய்த சிறப்பை அந்நூல் விரித்துரைக்கின்றது. வென்ற மன்னன் தோற்ற மன்னனுக்கு ஈமக்கடன் செய்வித்து, அவ்விடத்தில் நினைவுச் சின்னமும் எழுப்பி, வழிபாடும் விதித்தான். பிற்காலத்து மன்னரும் அவ்விடத்தைக் கடக்கும்போது தம் இசைக்கருவிகளை ஒலிக்காது நிறுத்தினர் என்றும் அந்நூல் கூறுகின்றது. இம்மரபு நூலோடு நின்றுவிடவில்லை. 1818ஆம் ஆண்டு கண்டிக் கிளர்ச்சி அடக்கப்பட்ட காலத்தில், தப்பியோடிய பிலிமத்தலாவ என்னும் கண்டிப் பிரதானி, களைப்புற்றிருந்தும் அவ்விடத்தை அணுகியபோது சிவிகையினின்று இறங்கி, கடந்துவிட்டதாக உறுதியடையும் வரை நடந்தே சென்றார் என்று பிரித்தானிய அலுவலர் போர்பஸ் பதிவு செய்துள்ளார்.

மகாவம்சத்தின் நோக்கம் துட்டகைமுனுவின் புகழைப் பாடுவதே. அந்நூலை எழுதியோர் தமிழர்பால் நடுநிலை உடையவராய் இருந்தனர் என்று கூறுதல் இயலாது. அங்ஙனமிருந்தும் பகைவனுக்குச் செய்த மதிப்பைத் தம் மன்னனது பெருமையாகவே அவர்கள் கருதி எழுதினர் என்பது கவனிக்கத்தக்கது. பகைவனை மதித்தமையால் மன்னன் சிறுமையுறவில்லை, புகழே பெற்றான். இதுவே மூன்றாவது அளவுகோல்.

பொப்பியும் பூவரசும்

தலைமன்னார்த் துறையையும் தனுக்கோடியையும் இணைத்த புகைவண்டி, நீராவிக்கப்பற் சேவை 1914இல் தொடங்கிற்று. அதே ஆண்டு யூலை மாத இறுதியில் முதலாவது உலகப் போர் மூண்டது. இலங்கைத் தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படையினர் அவ்வாண்டிலேயே எகிப்துக்குக் கப்பலேறினர். போர் 1918 நவம்பர் 11ஆம் நாள் முற்பகல் பதினொரு மணிக்கு ஓய்ந்தது. அடுத்த ஆண்டு அந்நாளில், அந்நேரத்தில், பிரித்தானியப் பேரரசெங்கும் இரு நிமிட அமைதி கடைப்பிடிக்கப்பட்டது. பிளாண்டர்சுப் போர்க்களங்களிற் பூத்த சிவந்த பொப்பி மலர் நினைவுச் சின்னமாயிற்று. 1921 முதல் அம்மலரின் செயற்கை வடிவத்தை விற்று, அப்பணத்தால் முன்னாட் படைவீரர்க்கு உதவும் முறையும் பிரித்தானியாவில் ஏற்பட்டது. கொழும்பிலே காலிமுகத் திடலில் நினைவுத்தூண் எழுந்தது. அதனை வரைந்தவர் இலண்டன் நினைவுத்தூணை வரைந்த லட்டியன்சு என்பவரே. இரண்டாம் உலகப் போரின்போது யப்பானியர் தாக்குதலுக்கு அஞ்சி அத்தூண் விக்டோரியாப் பூங்காவுக்கு மாற்றப்பட்டது. அப்பூங்காவே இன்று விகாரமகாதேவிப் பூங்கா.

பொப்பி நாள் இலங்கைக்கு வந்தபோது அதன் சடங்கு முழுமையாக வந்தது. பயன் அங்ஙனம் வரவில்லை. இலங்கையில் திரட்டப்பட்ட பணத்தின் பெரும்பகுதி பிரித்தானிய முன்னாட் படைவீரர்க்கே சென்றது. அதே பேரரசுக்காகப் பணிபுரிந்து வறுமையுற்றிருந்த இலங்கையர்க்குக் கிடைத்த பங்கு சிறிது. இம்முறைகேட்டைக் கண்டித்தவர் அரசியற் பேச்சாளர் ஒருவரல்லர். தாமே படையிற் பணியாற்றியவரான ஏலியன் பெரேரா என்பார். அவர் 1931இல், பொப்பி விற்கும் அதே நாளில் வேறொரு மலரை விற்கும் இயக்கத்தைத் தொடங்கினார். அதன் வருவாய் இலங்கைப் படைவீரர்க்கு உரியதாயிற்று. அவ்வியக்கம் சூரியமல் இயக்கம் எனப்பட்டது.

சூரியமல் என்று சிங்களவர் வழங்கும் மலர் தமிழர் நன்கறிந்த பூவரசம்பூவே. மன்னார், யாழ்ப்பாணக் கரையோரங்களில் உவர்க்காற்றைத் தாங்கி வளரும் அம்மரத்தை வேலிகளிலும் வீதியோரங்களிலும் காணாதார் இலர். அதன் இலையைச் சுருட்டி ஊதாத சிறுவரும் அரியர். காலையில் மஞ்சளாய் மலர்ந்து, வாடும்போது செந்நிறம் பெறுவது அம்மலரின் இயல்பு. தொலைவிலுள்ள பிளாண்டர்சு வயலின் பூவை விடுத்து, தம் வேலியிற் பூக்கும் பூவைத் தேர்ந்தமையில் ஆழ்ந்த பொருள் உண்டு. எவருடைய இறப்பை, எவருடைய மண்ணில் நின்று, எவர் நினைப்பது என்னும் வினாவுக்கு அம்மலர் விடை கூறிற்று.

அவ்வியக்கத்தின் பிற்கால வரலாறும் சிந்தித்தற்குரியது. 1933இல் தென்கொழும்பு வாலிபர் கழகத்தைச் சார்ந்த இளைஞர் அதனைப் புதுப்பித்தனர். டொரீன் யங் அம்மையார் தலைமை ஏற்றார். இங்கிலாந்திற் பிறந்த அவ்வம்மையார், பின்னர் விக்கிரமசிங்க என்னும் பெயரால் இலங்கைப் பாராளுமன்றத்திலும் இடம்பெற்றவர். அவர்கள் காலத்திற் பூவரசம்பூ பேரரசு எதிர்ப்பின் சின்னமாயிற்று. போர் எதிர்ப்பின் சின்னமும் ஆயிற்று. 1934, 1935ஆம் ஆண்டுகளில் மலேரியாக் காய்ச்சல் பரவி ஏறத்தாழ 80,000 பேரைக் கொன்றபோது, அவ்விளைஞர் கிராமங்களுக்குச் சென்று மருந்தும் உணவும் வழங்கினர். அத்தொண்டினூடே உருவான கூட்டமே 1935 டிசம்பரில் லங்கா சமசமாசக் கட்சியைத் தோற்றுவித்தது.

இவை யாவும் பெருமைக்குரிய செயல்களே. ஆயினும் இயக்கத்தைத் தொடக்கிய முன்னாட் படைவீரரின் முதற் கோரிக்கை இம்மாற்றங்களின் நடுவே பின்தள்ளப்பட்டமையை மறுத்தல் இயலாது. பேரரசு தன் புகழுக்காக வீரர் நாளைப் பயன்படுத்திற்று. பேரரசை எதிர்த்தோர் தம் கொள்கைக்காக அதனைப் பயன்படுத்தினர். இருவரிடையேயும் வறிய படைவீரன் சிறுகச் சிறுக மறக்கப்பட்டான். இரண்டாம் உலகப் போரிலும் இத்தகைய மறதிக்கு ஒரு சான்று உண்டு. 1942 மே மாதத்தில் கொக்கோசுத் தீவில் இலங்கைப் பீரங்கிப் படையினர் சிலர் ஆங்கிலத் தலைமைக்கு எதிராகக் கிளர்ந்தனர். அவருள் கிரேசியன் பெர்னாண்டோ உட்பட மூவர் கொழும்பு வெலிக்கடைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். பேரரசின் நினைவு நாளில் அவர்க்கு இடமிருக்கவில்லை.

நவம்பர் மாதத்து நாள்கள்

உள்நாட்டுப் போர் தொடங்கிய பின் நவம்பர் மாதம் இத்தீவில் இரட்டைப் பொருள் பெற்றது. 1982 நவம்பர் 27ஆம் நாள் தமிழீழ விடுதலைப் புலிகள் இயக்கத்திற் போரிற் பட்ட முதற் போராளியாகிய சங்கர் எனப்படும் சத்தியநாதன் இறந்தார். 1989 முதல் அவ்வியக்கம் அந்நாளை மாவீரர் நாளாகக் கொண்டாடிற்று. சைவ மக்களிடையே உடலை எரித்தலே பெருவழக்கு. இயக்கமும் தொடக்கத்தில் அவ்வழக்கையே பின்பற்றிற்று. 1990களின் தொடக்கத்திலிருந்து புதைத்துக் கல்லறை எழுப்பும் முறையை மேற்கொண்டது. அங்ஙனம் எழுந்த துயிலும் இல்லங்களுள் மன்னார் மாவட்டத்தைச் சார்ந்தவை அடம்பனை அடுத்த ஆட்காட்டிவெளியிலும், மடுவை அடுத்த பண்டிவிரிச்சானிலும் இருந்தன. கல்லிற் பெயர் பொறித்தலும், மாலைப்பொழுதில் மணியொலிக்குப் பின் அமைதி காத்துச் சுடர் ஏற்றலும் அங்கு நிகழ்ந்தன. பழைய நடுகல்லின் சாயலும் மேனாட்டுப் போர்க்கல்லறையின் சாயலும் அங்கே கலந்திருந்தன.

போர் 2009 மே மாதத்தில் முடிவுற்றது. வடக்கிலும் கிழக்கிலும் இருந்த துயிலும் இல்லங்களின் கல்லறைகள் தகர்க்கப்பட்டன. அரசு மே மாதத்தை வெற்றி விழாக் காலமாகக் கொண்டாடிப் படை அணிவகுப்பு நடத்திற்று. 2015இல் அவ்விழா 'நினைவு நாள்' எனப் பெயர் மாற்றம் பெற்றது. எல்லாளனுக்குச் சின்னம் எழுப்பிய மன்னனைப் புகழும் நாட்டில், தோற்றவரது கல்லறைகள் நிலைபெறவில்லை என்பது வரலாற்று மாணவர் கண்ணுக்குத் தப்பாத முரண்பாடாகும்.

2016ஆம் ஆண்டு நவம்பர் மாதம் இவ்வகையிற் சிறப்பாக நோக்கத்தக்கது. அம்மாதத்தில், அங்கவீனமுற்று ஓய்வுபெற்ற அரச படைவீரர் கொழும்பு நகரிற் கூடி மறியல் செய்தனர். பன்னிரண்டு ஆண்டுச் சேவை நிறைவுறுமுன் காயமுற்று விலகியோர்க்கும் வாழ்நாள் ஓய்வூதியம் வேண்டுமென்பது அவர் கோரிக்கை. வெற்றியின் வீரர் என்று மேடைகளிற் போற்றப்பட்டவர்கள் மீது பொலிசார் நீர்த்தாரை பாய்ச்சினர். அதே மாதத்து இறுதியில், போர் முடிந்த பின் முதன்முறையாக வடக்கில் துயிலும் இல்லங்களில் மக்கள் வெளிப்படையாகத் திரண்டு சுடரேற்றினர். தகர்ந்த கற்களைப் பொறுக்கி ஓரிடத்திற் குவித்து, அவற்றின் முன் பெற்றோர் நின்றனர். தொடர்ந்த ஆண்டுகளில் ஆட்காட்டிவெளியிலும் பண்டிவிரிச்சானிலும் அவ்வாறே நிகழ்ந்தது. 2020இல் வடக்கின் நீதிமன்றங்கள் பல அந்நாளுக்குத் தடை விதித்தமையால், வீட்டு வாசலிலேயே விளக்கேற்றியோர் பலர்.

ஒரு சாராரிடம் கல் இருந்தது, பட்டி குறைந்தது. மறுசாராரிடம் கல்லும் இல்லை, பட்டியும் இல்லை. போரின் இறுதியிற் சரணடைந்து புனர்வாழ்வு முகாம்களிலிருந்து விடுவிக்கப்பட்ட முன்னாட் போராளிகள் ஏறத்தாழ 12,000 பேர். அவருள் உறுப்பிழந்தோரும் பெண்களும் பலர். தம் தோழரின் நினைவு நாளில் முன்வந்து நின்றால் விசாரணைக்கு ஆளாக நேரும் என்ற அச்சம் அவர்க்கு உண்டு. நில்லாதொழிந்தால் ஊரார் என் நினைப்பரோ என்ற துயரமும் உண்டு. முன்னாட் படைவீரர்க்குரிய நாள், முன்னாட் படைவீரரே ஒதுங்கி நிற்கும் நாளாவது கொடிது.

வரலாற்றாசிரியர் ஒரு சார்பிற் கண் மூடுதல் தகாது. மாவீரர் என்று கல்லிற் பொறிக்கப்பட்டோருள் விரும்பிச் சென்றோரும் இருந்தனர். வீட்டிலிருந்து பிடித்துச் செல்லப்பட்ட சிறுவரும் இருந்தனர். 1990 அக்டோபரில் மன்னார்த் தீவின் முசிலிம் மக்கள் அவ்வியக்கத்தாரால் தம் வீடுகளினின்று வெளியேற்றப்பட்டனர். படகுகளிற் புத்தளக் கரையை அடைந்த அவர்க்கு எந்த நினைவுத்தூணும் இல்லை. 2018இல் மன்னார் நகரிற் கட்டட வேலைக்காக நிலத்தை அகழ்ந்தபோது முந்நூற்றுக்கு மேற்பட்ட மனித எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அமெரிக்க ஆய்வுகூடம் ஒன்று அவற்றின் மாதிரிகளை 15ஆம் நூற்றாண்டு முதல் 17ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தன என்று 2019இற் கூறிற்று. அம்முடிபை ஏற்காதோரும் உளர். எக்காலத்தவராயினும் அவர் பெயரற்றவர். அவர்க்கு ஒரு நாளும் இல்லை.

காணாமற்போனோர் பற்றி ஆராய 2013இல் அமைக்கப்பட்ட பரணகம ஆணைக்குழுவுக்குக் கிடைத்த முறைப்பாடுகள் இருபதினாயிரத்துக்கு மேற்பட்டவை. அவற்றுள் ஏறத்தாழ 5,000 அரச படையினரின் குடும்பத்தாரிடமிருந்து வந்தவை. மன்னார்க் கரையில் மகனைத் தேடும் தாயும், குருநாகலிலோ அநுராதபுரத்திலோ படைக்குச் சென்ற மகனைத் தேடும் தாயும் ஒரே ஆணைக்குழுவின் முன் ஒரே வினாவையே எழுப்பினர். வெற்றி தோல்வி என்னும் சொற்கள் அவ்வினாவுக்கு விடையாகா.

நாளை அளக்கும் முறை

மேற்கூறியவற்றால் வீரர் நாள் ஒன்றன் தகுதியை மூன்று அளவுகோல்களால் அளக்கலாம் என்பது பெறப்படும். இறந்தவனுக்குப் பெயரும் கல்லும் உண்டா என்பது முதலாவது. மீண்டவனுக்கும், இறந்தவனை நம்பியிருந்தார்க்கும் வாழ்வுக்கு வழி உண்டா என்பது இரண்டாவது. எதிரணியிற் பட்டவனை அவனைச் சார்ந்தார் நினைக்க இடமுண்டா என்பது மூன்றாவது. பொப்பி நாள் இரண்டாவதிற் குறைந்தது. அதனைத் திருத்த எழுந்த பூவரசம்பூ, தன் தொடக்க நோக்கத்தை நெடுநாள் காக்கவில்லை. வெற்றி விழா மூன்றாவதில் முற்றாகத் தவறிற்று. மாவீரர் நாளும் தன் அணியினர்க்கே கல் எடுத்தது. தன் அணியினரால் துன்புற்றாரை அது நினைந்ததில்லை.

நினைவு நாள்களை அரசுகளும் இயக்கங்களும் வகுக்கின்றன. ஆயின் அவற்றைக் காப்போர் ஊர்களும் குடும்பங்களுமே. ஆட்காட்டிவெளியிற் கற்களைப் பொறுக்கிக் குவித்த பெற்றோர்க்கு எவரும் ஆணை இடவில்லை. தொல்காப்பியம் வகுத்த ஆறு நிலைகளில் முதலாவது, தக்க கல்லைத் தேடிக் காணல். அவர்கள் அந்நிலைக்கே மீண்டும் சென்றனர் எனலாம்.

இக்கரையின் கல்விக்கூடங்களுக்கும் இதிற் கடமை உண்டு. போர்க்கால நிகழ்ச்சிகளை நேரிற் கண்ட முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அவர்தம் சொற்களைக் கேட்டு, ஊர், ஆண்டு, பெயர் என்பவற்றைப் பிழையின்றி எழுதி வைத்தல் மேனிலை மாணவரால் இயலாததன்று. அப்பதிவில் தமிழ், முசிலிம், சிங்களம் என்னும் வேறுபாடும், படை, இயக்கம், பொதுமக்கள் என்னும் வேறுபாடும் நுழையாதிருத்தல் வேண்டும். கல் நடுதற்கு அரசின் ஒப்புதல் வேண்டியிருக்கலாம். பெயரை எழுதி வைத்தற்கு உண்மையும் பொறுமையுமே வேண்டும். உதிரப்பட்டி அளித்த பழைய ஊர்ச்சபைகள் இன்று இல்லை. ஆயினும் அங்கவீனமுற்ற வீரனுக்கு, அவன் எப்படையைச் சார்ந்தவனாயினும், வாழ்வளிக்க வேண்டுமென்று கேட்கும் கடமை படித்தார் அனைவர்க்கும் உண்டு. அக்கடமை நிறைவேறும் அளவுக்கே நவம்பர் மாதத்துச் சுடர்களுக்கும் மலர்களுக்கும் பொருள் உண்டாகும்.